நிதியுதவி விதிகளும் பேச்சுவார்த்தை மேசையும்: அமெரிக்க உயர்கல்வித் துறையின் அனுபவம்

ஏழை மாணவருக்கு உதவ வேண்டும் என்று ஒரு நாட்டின் சட்டமன்றம் சட்டம் இயற்றுவது எளிது. ஏழை என்பவர் யார், எந்தக் கல்லூரியில் சேர்ந்தால் உதவி கிடைக்கும், கடன் பெற்ற மாணவர் அதை எப்போது, எந்த அளவில் திருப்பிச் செலுத்த வேண்டும், கல்லூரி இடையிலேயே மூடப்பட்டால் அவருடைய கடன் என்னவாகும் என்பன போன்ற வினாக்களுக்குச் சட்டத்தின் வாசகம் பெரும்பாலும் முழுமையாக விடையளிப்பதில்லை. அவ்விடைகளைச் சட்டத்தின் கீழ் அரசுத் துறைகள் ஆக்கும் விதிகளில்தாம் தேட வேண்டும். சட்டம் நாடாளுமன்றத்தில் பலர் அறிய விவாதிக்கப்படுகிறது. விதியோ பெரும்பாலான நாடுகளில் துறை அலுவலகம் ஒன்றின் மூடிய அறையில் எழுதப்படுகிறது. ஆயினும் மாணவரின் வாழ்க்கையை நேரடியாகத் தொடுவது விதியே ஆகும்.

இவ்விதிகளை எழுதும்போது அவற்றால் பாதிக்கப்படுவோரையும் அருகே அமர்த்திக்கொண்டு, வாசகம் வாசகமாகப் பேசி முடிவு காண முயலும் ஒரு முறை அமெரிக்காவில் நடைமுறையில் உள்ளது. 'பேச்சுவார்த்தைவழி விதியாக்கம்' என்று அதனைத் தமிழில் அழைக்கலாம். அம்முறை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்குகிறது, அதனால் மாணவர் சமூகம் பெற்றதும் பெறத் தவறியதும் யாவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டமும் விதியும்

அமெரிக்கக் கூட்டரசின் மாணவர் நிதியுதவிக்கு அடிப்படையாக அமைந்தது 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். அதிபர் லிண்டன் ஜான்சன், தாம் வறுமையோடு போராடிப் படித்த டெக்சாஸ் மாநிலக் கல்லூரிக்கே சென்று, 1965 நவம்பர் 8 அன்று அதில் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் நான்காம் பகுதியே மாணவர் உதவியைப் பற்றியது. வறிய குடும்பத்து மாணவருக்குத் திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை, படித்துக்கொண்டே பணிபுரிய வாய்ப்பு, அரசின் கல்விக்கடன் ஆகியன அதில் அடங்கும். 1972இல் தோற்றுவிக்கப்பட்டு, பின்னர் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் பெயரைப் பெற்ற 'பெல் உதவித்தொகை' அவற்றுள் முதன்மையானது. 2024-25 கல்வியாண்டில் அதன் உச்சத் தொகை 7,395 டாலர்.

இத்திட்டங்களின் பரப்பை ஒரு கணக்கால் உணரலாம். 2024ஆம் ஆண்டு நிலவரப்படி, கூட்டரசின் கல்விக்கடனைச் சுமந்திருந்தோர் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் செலுத்த வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 1.6 இலட்சம் கோடி டாலர். இத்துணைப் பெரிய பொறுப்பில் ஒரு விதியின் ஒரு சொல் மாறினால், இலட்சக்கணக்கான குடும்பங்களின் மாதச் செலவுக் கணக்கு மாறிவிடுகிறது.

சட்டத்தின் சொல் எவ்வளவு பொதுவானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். இலாப நோக்கில் நடத்தப்படும் கல்லூரிகள், 'அங்கீகரிக்கப்பட்ட தொழிலொன்றில் ஆதாயமான வேலைக்கு' மாணவரைத் தயார் செய்யும் படிப்புகளுக்கே அரசு உதவியைப் பெறலாம் என்று சட்டம் கூறுகிறது. ஆதாயமான வேலை என்றால் என்ன? படித்து முடித்தவருக்கு வேலை கிடைத்தால் போதுமா, அல்லது கடனை அடைக்கும் அளவுக்கு ஊதியம் வேண்டுமா? சட்டம் இதனை வரையறுக்கவில்லை. அவ்வரையறையை எழுதுபவர் எவரோ, அவர் கையில்தான் ஆயிரக்கணக்கான படிப்புகளின் தலைவிதி இருக்கிறது.

முறை தோன்றிய வரலாறு

அமெரிக்கத் துறைகள் விதியாக்கும் பொதுமுறையை 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம் வகுத்தது. துறை முதலில் ஒரு வரைவை அரசிதழில் வெளியிடும்; பொதுமக்கள் எழுத்தில் கருத்துரைப்பர்; அவற்றை ஆராய்ந்தபின் துறை இறுதி விதியை அறிவிக்கும். இம்முறையில் அனைவருக்கும் வாய்ப்பு உண்டு எனினும், ஒரு குறைபாடும் உண்டு. வரைவு வெளிவரும்போதே துறையின் மனம் பெருமளவில் முடிவாகியிருக்கும். எதிர்த்தரப்பினர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் துறையை நோக்கித் தத்தம் நிலைப்பாட்டை உரத்துச் சொல்வர். விதி வெளியானதும் நீதிமன்றத்தை நாடுவர்.

இக்குறையைப் போக்கப் பேச்சுவார்த்தையை வரைவுக்கு முன்னதாகவே வைக்கலாம் என்ற கருத்தைச் சட்ட அறிஞர் ஃபிலிப் ஹார்ட்டர் 1982இல் ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்க நிர்வாக மாநாடு என்னும் ஆலோசனை அமைப்பும் அதனைப் பரிந்துரைத்தது. விமானிகளின் பறப்பு நேரத்தைப் பற்றிய விதிக்காக 1983இல் விமானப் போக்குவரத்துத் துறை இம்முறையைக் கையாண்டது. 1990இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றையே இயற்றியது. 1996இல் அது நிரந்தரமாக்கப்பட்டது.

அச்சட்டத்தின்படி இம்முறையை மேற்கொள்வது துறைகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கல்வித்துறைக்கோ நாடாளுமன்றம் அதனைக் கடமையாக்கியது. 1992ஆம் ஆண்டுத் திருத்தங்கள் நிதியுதவியின் சில பிரிவுகளுக்கும், 1998ஆம் ஆண்டுத் திருத்தங்கள் நான்காம் பகுதி முழுவதற்கும் பேச்சுவார்த்தையைக் கட்டாயமாக்கின. நடைமுறைக்கு ஒவ்வாதது, தேவையற்றது, பொதுநலனுக்கு மாறானது என்ற காரணங்களுள் ஒன்றைக் காட்டினாலன்றிக் கல்விச் செயலர் அதனைத் தவிர்க்க இயலாது. மாணவர் நிதியுதவி என்னும் துறை இம்முறையின் நீண்ட சோதனைக்களமாக அமைந்ததற்குக் காரணம் இதுவே.

மேசையைச் சுற்றி அமர்வோர்

எவ்வெத்தரப்பினரின் ஆலோசனையைப் பெற வேண்டும் என்பதைச் சட்டமே எடுத்துக்கூறுகிறது. மாணவர்கள், மாணவர்களுக்காக வழக்காடும் சட்ட உதவி அமைப்புகள், உயர்கல்வி நிறுவனங்கள், மாநில உதவித்தொகை முகமைகள், கடனுக்கு உத்தரவாதம் அளிப்போர், கடன் வழங்குவோர், கடன் கணக்கைப் பராமரிக்கும் நிறுவனங்கள், நிலுவையை வசூலிப்போர் எனப் பட்டியல் நீள்கிறது. கடன் வாங்குபவரும் வசூலிப்பவரும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பது நோக்கத்தக்கது. பெரிய நிறுவனங்களோடு சிறிய நிறுவனங்களுக்கும், தேசிய அளவில் இயங்குவோரோடு உள்ளூர் அளவில் இயங்குவோருக்கும் இயன்றவரை இடமளிக்க வேண்டும் என்றும் அது பணிக்கிறது.

நடைமுறை இவ்வாறு செல்லும். துறை முதலில் தான் திருத்தக் கருதும் பொருள்களைக் கூட்டரசு அரசிதழில் அறிவித்துப் பொது விசாரணைக் கூட்டங்களை நடத்துகிறது. அடுத்து, குழு உறுப்பினர்களுக்கான பரிந்துரைகளை வரவேற்கிறது. எந்த அமைப்பும் தன் சார்பில் ஒருவரைப் பரிந்துரைக்கலாம், தேர்ந்தெடுப்பது துறை. ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு முதன்மைப் பேச்சாளரும் ஒரு மாற்றுப் பேச்சாளரும் அமைவது வழக்கம். துறைக்கும் மேசையில் ஓர் இடம் உண்டு. எத்தரப்பையும் சாராத நெறியாளர் அவையை நடத்துகிறார். சிறப்பு நுணுக்கம் வேண்டும் பொருள்களுக்குத் துணைக்குழு அமைப்பதும் உண்டு.

குழு பெரும்பாலும் மூன்று அமர்வுகளாக, ஒவ்வோர் அமர்வும் சில நாட்கள் நீடிக்கும் வகையில், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில் கூடுகிறது. முதல் அமர்வில் பிரச்சினைகள் அலசப்படும். இரண்டாவதில் துறையின் வரைவு வாசகம் மேசைக்கு வரும். மூன்றாவதில் இசைவு கேட்கப்படும். இடையில் ஒத்த கருத்துடையோர் தனியே ஒதுங்கிப் பேசிவிட்டு வர அவகாசமும் கேட்கலாம்.

2021ஆம் ஆண்டின் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் கூடிய குழு, பெருந்தொற்றின் காரணமாக இணையவழியில் சந்தித்தது. அதன் நடவடிக்கைகள் நேரலையாக ஒளிபரப்பாயின. வாஷிங்டனுக்குச் செல்ல இயலாத கடனாளிகளும் தம் வீட்டிலிருந்தே பேச்சுவார்த்தையைக் காணவும், நாளின் இறுதியில் ஒதுக்கப்பட்ட நேரத்தில் சில நிமிடங்கள் பேசவும் இது வழிசெய்தது. அறைக்குள் மட்டும் நிகழ்ந்துவந்த ஒன்று ஊர் அறிய நிகழலாயிற்று.

ஒருமித்த இசைவு என்பதன் பொருள்

இம்முறையின் உயிர்நாடி 'ஒருமித்த இசைவு' என்னும் கோட்பாடாகும். பெரும்பான்மை இங்கு செல்லாது. ஒருவர் மறுத்தாலும் இசைவு இல்லை. உறுப்பினர்கள் கட்டைவிரலை உயர்த்தினால் ஆதரவு. கிடைமட்டமாகக் காட்டினால் 'முழு நிறைவில்லை, எனினும் ஏற்றுக்கொள்வேன்' என்று பொருள். கீழ்நோக்கிக் காட்டினால் மறுப்பு. மறுப்பவர் தம் காரணத்தை அவையில் விளக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கிடைமட்ட விரலுக்கு இம்முறையில் இருக்கும் மதிப்பு சிந்திக்கத்தக்கது. ஒவ்வொருவரும் விரும்பியது கிடைப்பதன்று இசைவு. எவரும் பொறுக்க இயலாததை நீக்கிவிடுவதே இசைவு.

இசைவு கிட்டினால் துறை அவ்வாசகத்தையே முன்வரைவாக வெளியிடக் கடமைப்பட்டது. மாற்ற விரும்பினால் குழுவுக்குக் காரணம் கூற வேண்டும். இசைந்த உறுப்பினர்களும் அதன்பின் அவ்வரைவை எதிர்த்துக் கருத்துரைப்பதில்லை என்று உறுதியளிக்கின்றனர். இசைவு கிட்டாவிட்டால் துறை தன் விருப்பப்படி வரைவை எழுதலாம். இரு நிலையிலும் பொதுமக்கள் கருத்துரைக்கும் வாய்ப்பு மறைந்துவிடுவதில்லை. நவம்பர் 1ஆம் தேதிக்குள் வெளியாகும் இறுதி விதிகள் அடுத்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருவது பொதுவான கால ஒழுங்கு. கல்லூரிகளும் மாணவர்களும் ஆயத்தமாவதற்காகச் சட்டமே அளித்த அவகாசம் இது.

இவ்வமைப்பில் உறுப்பினர் ஒவ்வொருவரின் கையிலும் மறுப்பு என்னும் ஆயுதம் உள்ளது. ஆனால் அதனைப் பயன்படுத்தியதும் பேனா துறையின் கைக்கே திரும்பிவிடுகிறது. மறுத்தால் இதனினும் கடுமையானதை அடைய நேருமோ என்ற அச்சமும், இசைந்தால் தம் மக்களைக் கைவிட்டவராவோமோ என்ற தயக்கமும் ஒருங்கே அவர்களை நெருக்குகின்றன.

வாக்குறுதி கட்டுப்படுத்துமா?

பேச்சுவார்த்தையில் அரசு அலுவலர் அளிக்கும் வாக்குறுதி சட்டப்படி துறையைக் கட்டுப்படுத்துமா என்ற வினா, மாணவர் கடன் தொடர்பான வழக்கு ஒன்றிலேயே எழுந்தது. 1992ஆம் ஆண்டுத் திருத்தங்களின் விளைவாக, கடன் கணக்குகளைப் பராமரிக்கும் நிறுவனங்களையும் பொறுப்பாக்கும் விதிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தன. அந்நிறுவனங்கள் ஏற்க வேண்டிய இழப்பீட்டுக்கு வரம்பு விதிக்கும் வரைவு அங்குப் பேசப்பட்டது. பின்னர் துறை அவ்வரம்பைக் கைவிட்டது. வாக்கு மீறப்பட்டது என்று நிறுவனங்கள் வழக்காடின.

1996இல் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பெழுதிய நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பேச்சுவார்த்தையில் அளித்த உறுதிமொழி துறையைக் கட்டிப்போடுமானால், ஒழுங்குபடுத்தப்பட வேண்டியவர்களே ஒழுங்குமுறையைத் தம் வயப்படுத்திக்கொள்ளும் நிலை உருவாகும் என்பது அவர் கருத்தின் சாரம். மேசையில் இல்லாத பொதுமக்களுக்கும் வரைவின் மீது கருத்துரைக்கும் உரிமை உண்டு. முடிவு முன்னரே உறுதியாகிவிட்டால் அவ்வுரிமைக்குப் பொருளில்லாமற் போகும். இத்தீர்ப்பால் பேச்சுவார்த்தையின் எல்லை தெளிவாயிற்று. குழுவின் பணி விதியை உருவாக்குவதில் துணைநிற்பது. அதற்குப் பொறுப்பேற்பது துறையே.

இசைவு மலர்ந்த இரு தருணங்கள்

எதிரெதிர் நலன்கள் கொண்டோர் இசைவதும் நடந்திருக்கிறது. இலாப நோக்குக் கல்லூரிகள் தம் வருவாயில் ஒரு பங்கையாவது அரசு உதவியல்லாத வழியில் ஈட்ட வேண்டும் என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அப்பங்கு அப்போது 15 விழுக்காடு; 1998இல் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மாணவரோ வேறு எவரோ சொந்தப் பணத்தைக் கொடுக்க முன்வராத படிப்பு, தரத்தில் ஐயத்துக்குரியது என்பதே அவ்விதியின் கருத்து. ஆனால் அதில் ஓர் இடைவெளி இருந்தது. முன்னாள் படைவீரர்களுக்கு அரசு அளிக்கும் கல்வி உதவி, நான்காம் பகுதியைச் சேராததால், அந்த 10 விழுக்காட்டில் வைத்து எண்ணப்பட்டது. ஆகவே, படைவீரர்களைச் சேர்ப்பது அக்கல்லூரிகளுக்கு இருமடங்கு ஆதாயமாயிற்று. அவர்களைக் குறிவைத்துத் தீவிரமாக விளம்பரம் செய்யும் போக்கு வளர்ந்தது.

2021 மார்ச்சில் நாடாளுமன்றம் அவ்விடைவெளியை அடைத்து, எல்லாக் கூட்டரசுக் கல்வி உதவியும் 90 விழுக்காட்டுப் பக்கமே கணக்கிடப்பட வேண்டும் என்றது. எந்தெந்த வருவாயை எப்படிக் கணக்கிடுவது என்ற நுணுக்கம் குழுவிடம் வந்தது. 2022 மார்ச்சில், படைவீரர்களின் பேச்சாளரும் இலாப நோக்குக் கல்லூரிகளின் பேச்சாளரும் ஒரே வாசகத்துக்கு இசைந்தனர். இருவரும் அவ்வாசகத்தில் பங்காளிகளாயிருந்தனர் என்பதே அதன் வலிமை.

இரண்டாவது தருணம் வட்டியைப் பற்றியது. கல்விக்கடனில் சேர்ந்துவிட்ட வட்டியைக் குறிப்பிட்ட கட்டங்களில் அசலோடு சேர்த்து, அவ்வசலுக்கும் வட்டி கணக்கிடுவது வழக்கமாயிருந்தது. எளிய கணக்கொன்றால் இதனை விளக்கலாம். 20,000 டாலர் கடன், ஆண்டு வட்டி 5 விழுக்காடு என்று கொள்வோம். ஓராண்டு செலுத்த இயலாமல் தவணை ஒத்திவைக்கப்பட்டால் 1,000 டாலர் வட்டி சேர்கிறது. அது அசலோடு சேர்க்கப்பட்டதும் அசல் 21,000 ஆகிறது. மறு ஆண்டின் வட்டி 1,050. இது ஒருமுறை நிகழ்ந்தால் சிறு தொகையாகத் தோன்றலாம். துன்பத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் நிகழுமானால், பல ஆண்டுகள் செலுத்தியபின்னும் வாங்கிய தொகையைவிட மிகுதியாகக் கடன் நிற்கும். வட்டிக்கு வட்டி ஏறுவதன் கொடுமையை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

2021ஆம் ஆண்டின் குழு எடுத்துக்கொண்ட 12 பொருள்களுள் நான்கில் மட்டுமே இசைவு கிட்டியது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களிலெல்லாம் வட்டியை அசலோடு சேர்ப்பதை நீக்குவது அந்நான்கனுள் ஒன்று. அவ்விதி 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வட்டி அதனால் ஒழிந்துவிடவில்லை; சட்டமே கட்டளையிட்ட இடங்களில் வட்டி அசலோடு சேர்வதும் நீடித்தது. விதியால் சட்டத்தைத் தாண்ட இயலாது என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் விதி தொடக்கூடிய இடத்தை அது தொட்டது.

இசைவு எட்டாத வினா

இதற்கு நேர்மாறானது முன்னர்க் கூறிய 'ஆதாயமான வேலை'யின் கதை. 2009-10, 2013, 2017-18, 2022 ஆகிய காலங்களில் நான்கு குழுக்கள் அதனை ஆராய்ந்தன. எதனாலும் இசைவு காண இயலவில்லை. 2011இல் துறை தானே விதி எழுதியது. கடனைத் திருப்பிச் செலுத்துவோர் 35 விழுக்காடேனும் இருக்க வேண்டும் என்ற அளவுகோலுக்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை என்று கூறி, 2012 ஜூனில் நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை நீக்கியது. 2014இல் புதிய விதி வந்தது. 2019இல் அடுத்த அரசு அதனை நீக்கியது. 2023 அக்டோபரில் மீண்டும் ஒரு விதி வெளியானது.

ஆட்சி மாறுந்தோறும் விதி மாறிய இக்காலம் முழுவதும் மாணவர் எதைச் சார்ந்து படிப்பைத் தேர்ந்திருக்க வேண்டும்? இசைவில்லாமல் பிறந்த விதிக்கு ஆயுள் குறைவு என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. எதிர்த்தரப்பு அதில் தன் கையொப்பத்தைக் காண்பதில்லை. ஆகவே அதனைக் காக்க வேண்டிய கடமையையும் உணர்வதில்லை.

குறைகளும் ஐயங்களும்

பேச்சுவார்த்தைவழி விதியாக்கம் காலத்தை மிச்சப்படுத்தும், வழக்குகளைக் குறைக்கும் என்பன அதன் ஆதரவாளர்கள் தொடக்கத்தில் அளித்த நம்பிக்கைகள். பல துறைகளின் அனுபவத்தை ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் கேரி கோக்லியானிஸ், 1997இல் வெளியிட்ட ஆய்வில், இவ்விரண்டும் மெய்ப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய அளவீட்டு முறையை ஹார்ட்டர் மறுத்தார். இவ்விவாதம் எவ்வாறாயினும், விரைவை மட்டும் அளவுகோலாகக் கொண்டு இம்முறையை மதிப்பிடுவது பொருந்தாது. தாமதமாயினும் தக்கோரைக் கேட்டு எழுதிய விதியையும், விரைவாயினும் கேளாது எழுதிய விதியையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது.

இதனினும் ஆழமான குறை, உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் துறையிடமே இருப்பது. எத்தனை தரப்புகள், எவருக்கு எத்தனை இடம், பேசுவதற்கு எத்தனை நாட்கள் என்பனவற்றைத் துறையே முடிவு செய்கிறது. கல்லூரிகளும் நிதி நிறுவனங்களும் வாஷிங்டனில் நிலையான அலுவலகங்களும் தேர்ந்த வழக்கறிஞர்களும் உடையவை. மாணவரோ தேர்வுக்கும் பணிக்கும் இடையில் நேரம் ஒதுக்கி வருபவர். நூற்றுக்கணக்கான பக்க வரைவை ஓரிரவில் படித்துவிட்டு, மறுநாள் அவற்றோடு நேர்நின்று பேச வேண்டியவர். நாற்காலி சமமாயினும் ஆயத்தம் சமமன்று. சட்ட உதவி அமைப்புகளுக்குத் தனியிடம் அளிக்கப்பட்டிருப்பது இவ்வேற்றத்தாழ்வை ஓரளவு ஈடுசெய்கிறது.

மேசையில் இடம்பெறாதோரின் நிலை என்ன என்பதை 2025ஆம் ஆண்டின் நிகழ்வொன்று தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு ஜூலை 4 அன்று கையொப்பமான சட்டம், முதுநிலை மாணவர்களின் கடனுக்குப் புதிய வரம்புகளை விதித்து, அவை 2026 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும் என்றது. பொதுவான முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலரும் மொத்தம் 1,00,000 டாலரும். 'தொழில்முறைப்' படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலரும் மொத்தம் 2,00,000 டாலரும் உச்சம். எது தொழில்முறைப் படிப்பு என்பதற்குச் சட்டம் ஒரு பழைய விதியைச் சுட்டியது. அதில் மருத்துவம், சட்டம், மருந்தியல், பல் மருத்துவம், இறையியல் முதலான பத்துப் படிப்புகள் எடுத்துக்காட்டுகளாகக் குறிக்கப்பட்டிருந்தன. பணவரம்போடு தொடர்பின்றி எழுதப்பட்ட அப்பட்டியல் திடீரென்று பெரும் தொகைகளைத் தீர்மானிக்கும் வாயிலாகிவிட்டது.

அவ்வாண்டு நவம்பரில் குழு இசைவுக்கு வந்தது. பத்தோடு மருத்துவ உளவியலும் சேர்ந்து பதினொன்றாயின. செவிலியர் படிப்பு அதில் இல்லை. செய்தி வெளியானதும் செவிலியர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. செவிலியர்க்கெனத் தனி இடம் அக்குழுவில் அமைந்திருக்கவில்லை. கையொப்பமிட்டோர் அனைவரும் இசைந்தது உண்மை. பாதிக்கப்பட்டோர் அனைவரும் கையொப்பமிட்டோரில் அடங்கவில்லை என்பதும் உண்மை. ஒருமித்த இசைவு என்ற சொல்லைக் கேட்கும்போது, எவரெவரின் இசைவு என்று வினவும் கடமை நமக்கு உண்டு என்பதை இந்நிகழ்ச்சி கற்பிக்கிறது.

கேட்பதும் கூடியமர்வதும்

கருத்துக் கேட்பதற்கும் கூடியமர்ந்து எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிரிட்டனின் அனுபவத்தோடு ஒப்பிட்டால் தெளிவாக உணரலாம். இங்கிலாந்தில் கல்விக் கட்டணத்தின் உச்சம் 2012இல் ஆண்டுக்கு 9,000 பவுண்டாக உயர்ந்தபின், வட்டியோடு கூடிய அரசுக் கடனின்றிப் பட்டப்படிப்பை எண்ணிப் பார்ப்பதே பலருக்கு அரிதாயிற்று. வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் மாணவர்களுள் சிலர் கல்லூரியைக் கைவிட்டனர். சிலர் மனவேதனையோடு கடன் பெற்றனர். 2014இல் அரசு இதுபற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது ஏறத்தாழ 20,000 பேர் விடையளித்தனர். மாணவர்கள் செலுத்தும் தொகை ஒரு பொது நிதியில் சேர்ந்து அடுத்த தலைமுறை மாணவர்க்கு உதவும் தக்காஃபுல் அமைப்பை அரசு அவ்வாண்டிலேயே கொள்கையளவில் ஏற்றது. 2017ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் அதற்கு அதிகாரமும் அளித்தது.

ஆனால் அதன்பின் கல்வியாண்டுகள் பல கடந்தும் எந்த மாணவரும் அத்திட்டத்தின் கீழ் உதவி பெறவில்லை. கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கை பெரிது. ஆயினும், கேட்டதை எப்போது செயலாக்க வேண்டும் என்று துறையைக் கட்டுப்படுத்தும் மேசையோ கால ஒழுங்கோ அங்கில்லை. அமெரிக்க முறையில் அறிவிப்பு, அமர்வு, இசைவு, வரைவு, நடைமுறை என ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் உண்டு. துறை தவறினால் எந்தப் படியில் தவறியது என்று சுட்டிக்காட்ட முடியும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. நிதியுதவியைப் பெறும் உரிமையைச் சட்டம் தரலாம். அவ்வுரிமை கைக்கு எட்டுமா என்பதை விதியே தீர்மானிக்கிறது. விதி எழுதப்படும் இடத்தில் மாணவரும் கல்லூரியும் கடன் நிறுவனமும் முகத்துக்கு முகம் நோக்கி அமர்வது, அவ்விதிக்கு அறிவையும் ஓரளவு ஆயுளையும் சேர்க்கிறது. ஆயினும் இடமளிப்பது மட்டும் நீதியாகிவிடாது. இடம் பெற்றவர் ஆயத்தத்தோடு வர வழியிருக்க வேண்டும்; இடம் பெறாதவருக்கு அவை என்ன பேசுகிறது என்று தெரிய வேண்டும்; பேசியபின் எழுந்த விதிக்குப் பொறுப்பேற்க ஓர் அதிகாரம் இருக்க வேண்டும்.

கல்வி நிறுவனங்களையும் அறநிதிகளையும் நிர்வகிப்போருக்கும் இதில் எண்ணிப்பார்க்கச் செய்தி உண்டு. உதவி வழங்கும் எந்த அமைப்பும் தன் நிபந்தனைகளை எழுதும்போது, வழங்குவோர் மட்டும் கூடி எழுதுவதே இயல்பு. பெறுவோர் நன்றியோடு ஏற்பர் என்று கருதப்படுகிறது. எந்தச் சான்றிதழைப் பெற எத்தனை நாள் வேலையை இழக்க வேண்டும், எந்தக் கடைசித் தேதி அறுவடைக் காலத்தில் விழுகிறது, எந்தக் கேள்வியை ஒரு விதவைத் தாய் கூச்சமின்றி நிரப்ப இயலாது என்பனவற்றை வழங்குவோர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பெறுவோரே அறிவர். அவரை அழைத்து அமர்த்தி, மறுக்கும் உரிமையையும் தந்து, கேட்டு எழுதுவதால் வழங்குவோரின் அதிகாரம் குறைந்துவிடாது. உதவி சென்று சேர வேண்டிய இடத்துக்குச் சென்று சேரும்.